தராசுக்காரனின் எடை

"...அதனால என் கண்ணு முன்னால ஒருக்காத் தரையில படுத்து, நீங்களா எந்திச்சுக் காட்டுங்க. அப்பத்தான் நான் நிம்மதியாப் பெரியதாழைக்கு பஸ் ஏறுவேன். இல்லன்னா இந்தச் சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுத்தான் போவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

அவளுடைய ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் எங்கள் வாசல் பூட்டின் இரண்டாவது சாவி. எப்போதும் சுவரில் ஆணியில் தொங்குகிற சாவி அது. எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. எண்பதுகளின் நடுவில் நடந்தது.

பெண்டாட்டி தரையில் படு என்கிறாள், படுத்தால் எழ முடியுமா என்று புருஷன் யோசித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு மனிதன் இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்கிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, வெட்கப்பட்டாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிட்டங்கியில் தராசுக்காரனாக நின்றவன் நான். கிட்டங்கி என்றால் எங்கள் ஊரில் சரக்கு அடுக்கிவைக்கிற பெரிய கட்டடம். உப்பு, வற்றல், வெங்காயம் எல்லாம் அங்கே எடை போட்ட பிறகுதான் தோணிக்கும் லாரிக்கும் போகும். நான் படித்தது அஞ்சாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும் ஆட்கள் பேசுகிற பேச்சிலும் படித்தது. அதிலும் மூட்டை தூக்குகிறவர்களின் பேச்சு என்றால் எனக்கு உயிர். எவனாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால், அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

எங்கள் கிட்டங்கியில் ஒரு முறை உண்டு. மூட்டை தராசில் ஏறியதும் தராசுக்காரன் அதன் எடையைச் சத்தமாகக் கூவ வேண்டும். வாசலில் நிற்கிற ஆள் அதே எடையைத் திருப்பிக் கூவ வேண்டும். விற்கிறவனுடைய ஆளும் வாங்குகிறவனுடைய ஆளும் காதால் கேட்டாயிற்று, இனித் தகராறு கிடையாது. முதல் மூட்டையை மட்டும் ‘ஒண்ணு’ என்று எண்ணமாட்டோம், ‘லாபம்’ என்போம். தராசு சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. இதைப் புதிதாக வருகிற ஆட்களுக்கெல்லாம் பழக்கிக் கொடுத்ததே நான்தான்.

வயசாகி வேலையை விட்டேன். வேலையோடு நடையும் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. காலையில் டீயும் வடையும், சாயங்காலம் மறுபடி டீயும் வடையும், ராத்திரி பொரித்த பரோட்டா. மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றவனின் சாப்பாட்டை, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவன் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஆனேன்.

டீக்கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்: "அண்ணாச்சி வாராக. எலே, பெஞ்சு அந்தக் கோடியில ஒருத்தன் அழுத்தி ஒக்காருங்க. இல்லன்னா மத்தவன்லாம் தோணியில போற மாதிரிதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். முதல் சிரிப்பு என்னுடையதாக இருக்கும். மற்றவர்கள் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

வீட்டுக்குள் நடந்ததை நினைத்து மட்டும் என்னால் சிரிக்க முடிந்ததில்லை. கால் நகத்தை வீட்டுக்காரி வெட்டிவிட வேண்டும். குனிந்தால் எனக்கு மூச்சு முட்டும். மாதா கோயிலில் பூசை நேரத்தில் எல்லாரும் முழந்தாளிடும்போது நான் வாசல் சுவரோடு ஒட்டி நிற்பேன். கேட்டால், "இங்கனதான் காத்து நல்லா வருது" என்பேன். கடற்கரையில் இருக்கிற கோயிலில் எங்கே நின்றால்தான் காற்று வராது?

ஒரு கோடையில், குளிக்கிற இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. என் வீட்டுக்காரி ஒல்லியான மனுஷி. என் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை அவளே என்மேல் சரிந்தாள். பிறகு வாசலுக்கு ஓடிப் போய்ச் சத்தம் போட்டாள்.

பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நான் இடுப்பில் ஒரு துண்டோடு கிடந்தேன்.

"எலே, நீ கால் பக்கம் போ. நான் தோள்பட்டையப் பிடிக்கேன்" என்றான் அண்ணன்.

"துண்டு அவுருதே... மயினி, நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க" என்றான் தம்பி.

"எலே, நான் பாக்காததா அது? தூக்குலே மொதல்ல!" என்றாள் வீட்டுக்காரி.

தூக்கினார்கள். தூக்குகிற வேகத்தில், பழக்கதோஷம், தம்பிக்காரன் மூட்டைக்குப் போடுகிற ‘ஏலேலோ’வை எனக்கும் போட்டுவிட்டான். போட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச நாளில் பெரியதாழையிலிருந்து ஆள் வந்தது. வீட்டுக்காரியின் அக்காளுக்கு வாதம். வலது கையும் காலும் விளங்கவில்லை, தங்கச்சியைக் கேட்டுக் கேட்டு அழுகிறாள் என்று வந்தவர் சொன்னார். ஒரு வாரமாவது கூட இருந்து பார்க்க வேண்டும்.

"நான் எப்படிண்ணே வருவேன்? இவுக விழுந்துட்டா கேக்க நாதி இல்ல. பிள்ளைகளும் பம்பாயில கெடக்கு" என்று அவள் சொன்னது உள்ளே கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது.

அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "பக்கத்து வீட்டுல ஒரு சாவியக் குடுத்துட்டுப் போவட்டா? காலையிலயும் ராத்திரியும் அந்தப் பயக எட்டிப் பாத்துக்கிடுவானுவ."

"சாவியக் குடுத்தேன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றேன்.

அந்தப் பையன்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து, ‘அண்ணாச்சி விழுந்து கெடக்காகளா’ என்று பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் அக்காளைப் பார்க்கப் போகவில்லை. என்னைத் தூக்க ஆள் இல்லாததுகூடப் பெரிதில்லை. என் வெட்கம் அவள் காலைக் கட்டிப்போட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவள் வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம் கேட்டாலே கண்ணை மூடித் தூங்குகிற மாதிரிக் கிடப்பேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். ஆஸ்பத்திரி எடைமிஷினில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றது.

"இந்த மிஷின் இதுக்கு மேல காட்டாதுங்க ஐயா. உங்க எடை எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் வைத்தியம் சரியாப் போகுதான்னு பாக்க முடியும். பெரிய தராசு எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருக்கு" என்றேன். அது எங்கே இருக்கிறது என்று என்னையா கேட்க வேண்டும்?

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் மூட்டைகளின்மேல் கண்ணயர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கிட்டங்கிக்குப் போனேன். நான் வேலை பார்த்த காலத்தில் வாசலில் நின்று எனக்குத் திருப்பிக் கூவிய ஆள்தான் இப்போது தராசுக்காரர். அவருக்கே தலை நரைத்துவிட்டது. விஷயத்தைக் காதோடு சொன்னேன்.

"ஏறுங்கண்ணாச்சி. எவனும் பாக்கல" என்றார் மெதுவாக.

ஏறினேன். பலகை கிறீச்சிட்டது. எத்தனையோ மூட்டைகளை ஏற்றி இறக்கிய பலகை. அதன்மேல் நின்று பார்த்தால் கிட்டங்கி வேறு மாதிரித் தெரிந்தது. அவர் தண்டில் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். தண்டு சமமாக நின்றது. நின்றதுதான் தாமதம், அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"லாபம்ம்ம்!" என்று தொடங்கி, என் எடையை முழுசாகக் கூவினார். அந்த மத்தியானத்தின் முதல் நிறுவை நான். வாசலில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு எழுந்து, ஒரு கிலோ பிசகாமல் அதைத் தெருவுக்குத் திருப்பிக் கூவினார்.

மூட்டைகளின்மேல் படுத்திருந்தவர்கள் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"இது சாக்கு எடை கழிச்சதா, சேத்ததா?" என்றது ஒரு குரல். கிட்டங்கியே சிரித்தது.

தராசுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய்ப்பழக்கம் அண்ணாச்சி. தப்பா நெனச்சிராதீக."

"சரியாத்தாம்வே கூவினீரு" என்றேன். அந்த ஒரு தடவை எனக்கு முதல் சிரிப்பு வரவில்லை. அந்த எடையை இங்கே எழுதமாட்டேன். கடற்கரைச் சாலையே கேட்டாயிற்று, உங்களுக்காவது தெரியாமல் இருக்கட்டும்.

டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், சீனியும் எண்ணெய்ப் பண்டமும் கூடாது, மீனும் பயறும் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், எதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். என் காதில் விழுந்தது ‘குறைக்க வேண்டும்’ மட்டும்தான். அந்தக் கூவல் காதை அடைத்துக்கொண்டிருந்தபோது வேறு என்ன விழும்? எப்படியாவது அந்த எண்ணை இறக்கிவிட வேண்டும். இறக்கினால் விழமாட்டேன், விழுந்தாலும் எழுந்துகொள்வேன், இவளும் பெரியதாழைக்குப் போய்விடுவாள். இதுதான் என் கணக்கு.

காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர். மத்தியானம் ஒரு கரண்டி கஞ்சி. ராத்திரி அதுவும் இல்லை.

"சாளைக் கொழம்பு வச்சிருக்கேன். ரெண்டு துண்டாவது போட்டுக்கிடுங்களேன்" என்பாள் வீட்டுக்காரி.

"வேண்டாம்."

"டாக்டரம்மா மீனு திங்கச் சொல்லிச்சே?"

"தராசுல நிக்கப்போறது அந்தம்மாவா, நானா?"

எடை இறங்கியது. வேட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை எல்லாரும் விழித்திருக்கிற நேரத்தில் கிட்டங்கிக்குப் போனேன். "வாயத் தொறந்து நல்லாக் கூவும்வே" என்று நானே சொன்னேன். கூவினார். கை தட்டினார்கள்.

"மீதிய எங்கண்ணாச்சி எறக்கி வச்சீக? தோணியில ஏத்தியாச்சா?" என்றான் ஒருவன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். "பைய எடுத்து வை. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நீ பஸ் ஏறு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் சுவரை விட்டுவிட்டு நடுக்கோயிலுக்குப் போனேன். எல்லாரும் முழந்தாளிட்டபோது நானும் முழந்தாளிட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. தொடை நடுங்கியது. தரையில் கையை ஊன்றினேன், கை மடங்கியது. முன்பாவது உடம்பு கனத்தது. இப்போது கனம் குறைந்தும், அதைத் தூக்கி நிறுத்த எனக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பாட்டு முடிந்து கோயில் அமைதியான நேரத்தில், இரண்டு பக்கமும் இரண்டு கைகள் வந்து என்னைத் தூக்கின. யார் என்று நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. அதே அண்ணன் தம்பிதான். தம்பி இந்தத் தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தாள். நான் செத்துப்போய்விடலாம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா என் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"எடை போயிருக்குங்க ஐயா. ஆனா கொழுப்பு மட்டும் போகல, சதையும் சேந்து போயிருக்கு. இந்த வயசுல பட்டினி கிடந்தா அப்படித்தான். எழுந்திருக்கிறதுக்கு அந்தச் சதைதானே வேணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அடைமழைக் காலத்தில் ஒரு மூட்டை உப்பு எடை குறைந்து வந்தால் நான் முதலில் என்ன கேட்பேன்? கசிந்தது தண்ணீரா, உப்பா? தண்ணீர் என்றால் போகட்டும், சரக்குக்குச் சேதமில்லை. உப்பு என்றால் சாக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். ஆயுசெல்லாம் மூட்டையிடம் கேட்ட கேள்வி அது. என் உடம்பிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. தராசு குறைத்துச் சொன்னதும் கை தட்டல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா வீட்டுக்காரியைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார். குழம்பு மீன் தினமும், முட்டை, பயறு. சோறு கொஞ்சம். வடை, பரோட்டா, சீனி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். கையில் சின்னச் சின்னக் கனத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். எடை மெதுவாக இறங்கினால் போதும். அங்கிருந்த நர்ஸம்மா என் வயசை ஒட்டியவர். சிமெண்டுத் தரையில் தானே மல்லாந்து படுத்து, விழுந்தால் எப்படி எழ வேண்டும் என்று காட்டினார். ஒருக்களித்துப் புரள வேண்டும், முழங்கையை ஊன்ற வேண்டும், முட்டி போட வேண்டும், நாற்காலியைப் பிடித்து ஒரு காலை முன்னால் வைக்க வேண்டும். எனக்காக இன்னொரு மனுஷி தரையில் படுத்ததைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் மனசில் பதிந்தது.

வீட்டுக்காரி பழைய துணியில் இரண்டு சின்னப் பை தைத்து, உப்பை நிரப்பிக் கொடுத்தாள், கையில் பிடித்துத் தூக்க. "ஒங்களுக்கு உப்பு இனிமே கையிலதான். கொழம்புல கேக்கக் கூடாது" என்றாள். கோயில் சம்பவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் பயிற்சி. ஜன்னலைச் சாத்த மறந்த ஒருநாள் எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "என்ன மயினி, அண்ணன் ஒத்தையில இருந்துக்கிட்டு எந்திக்காக, ஒக்காருதாக, எந்திக்காக! பிஷப்பு வந்திருக்காரா உள்ள?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஆமா, தெனமும் வாராரு. நீயும் வந்து மோதிரத்துக்கு முத்தம் குடுத்துட்டுப் போ" என்றாள் என் வீட்டுக்காரி.

நான் அதற்குள் கட்டிலில் போய்ப் படுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மறுநாள் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

மழைக்காலம் போனது. ஆஸ்பத்திரி மிஷினிலேயே இப்போது முள் முட்டாமல் நின்றது; எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, கொஞ்சம்தான். கிட்டங்கிப் பக்கம் நான் போகவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தேன். கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பினேன். தரையிலிருந்தும் எழுந்தேன், ஆனால் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துத்தான். லேசாகத்தான் பிடிப்பேன். இருந்தாலும் பிடித்துத்தான்.

அப்போதுதான் மறுபடியும் பெரியதாழையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அக்காளுக்குப் பேச்சும் குழறுகிறது, ஆள் அடையாளம் தெரிகிறபோதே வந்து பார்க்கட்டும் என்று. மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரி பையை எடுத்தாள், ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள், என் முன்னால் வந்து நின்றாள். நான் முதலில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னாள்.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். சிமெண்டுத் தரை முதுகில் சில்லென்றது. கீழேயிருந்து பார்த்தால் அவள் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தாள். பையையும் சாவியையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தன்னையறியாமல் கை நீண்டுவிடக் கூடாது என்றுதான்.

ஒருக்களித்தேன். முழங்கையை ஊன்றினேன். முட்டி போடப் போகையில் தோள் சரிந்து மறுபடி தரைக்கே வந்துவிட்டேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பிக்காரன் தெருவிலிருந்து கேட்டான்: "மயினி, வரணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "கையக் குடுளா" என்றேன் மெதுவாக.

"குடுக்க மாட்டேன்" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாக, "வேண்டாம்லே. நீ சோலியப் பாத்துப் போ" என்றாள்.

அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறவரை அப்படியே கிடந்தேன். மறுபடி ஒருக்களித்தேன். முழங்கை, உள்ளங்கை, முட்டி. நாற்காலியின் விளிம்பைப் பிடித்தேன். ஒரு காலை முன்னால் வைத்தேன். தொடை நடுங்கியது. நடுங்கினாலும், ஏதோ ஒன்று உள்ளேயிருந்து தாங்கியது. பார்க்க நன்றாக இருந்திருக்காது. வேட்டி பாதி அவிழ்ந்து, மூச்சு இரைத்து, மூக்கு ஒழுக, வளைந்தபடியே எழுந்தேன். பிறகு நிமிர்ந்தேன். நாற்காலியை விட்டுக் கையை எடுத்தேன்.

அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்த்தாள். நல்லா எந்திச்சீங்க என்று சொல்வாளோ என்று நின்றேன். சுவர்ப் பக்கம் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையோடு தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டு வாசலில் நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.